புதிய சில்லர் வாங்குவதற்கு முன் எதை, எந்த வரிசையில் அளக்க வேண்டும்?

கேள்வி – மின்அறைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் மின்சாரம், குளிரூட்டல் ஆகிய இரண்டையும் கவனிக்கும் பொறுப்பில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். கட்டடம் 2011ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. கீழே இரண்டு அடுக்கு வாகன நிறுத்தம், மேலே மூன்று நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கும் அலுவலகத் தளங்கள். இவற்றில் ஒரு தளம் மட்டும் நள்ளிரவு வரை இயங்குகிறது. மொத்தப் பரப்பு 24,000 சதுர மீட்டர். ஒவ்வொன்றும் 250 டன் குளிரூட்டும் திறனுள்ள மூன்று சில்லர்கள் (கட்டடம் முழுவதையும் குளிர்விக்கும் குளிர்நீரைத் தயாரிக்கும் இயந்திரங்கள்) உள்ளன. இரண்டு ஓடும், ஒன்று மாற்றுக்காக நிற்கும்.

கடந்த பன்னிரண்டு மாத மின்வாரிய ரசீதுகளைக் கூட்டியபோது 30.6 லட்சம் யூனிட் வந்தது. பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 127.5 யூனிட். ஆற்றல் திறன் அலுவலகம் (பி.இ.இ.) 2009இல் அலுவலகக் கட்டடங்களுக்கு வெளியிட்ட நட்சத்திர அட்டவணையில், சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த மண்டலத்துக்கு 125 முதல் 150 வரை மூன்று நட்சத்திரம் என்று இருப்பதால், நாங்கள் நடுத்தரமான நிலையில் இருக்கிறோம் என்றே நிர்வாகத்திடம் சொல்லி வந்தேன்.

இப்போது ஒரு நிறுவனம், மூன்று சில்லர்களையும் மாற்றினால் மொத்த மின்கட்டணத்தில் 30 சதவீதம் குறையும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. நிர்வாகத்துக்கும் அதில் ஆசை வந்துவிட்டது. எனக்கு ஐயம் இருக்கிறது. ஆனால் மறுத்துப் பேச என் கையில் எண்கள் இல்லை. உயரழுத்த மீட்டர் ஒன்று, அதற்குப் பின் கட்டடத்தின் பகுதிகளுக்கு மின்சாரம் பிரியும் ஐந்து கிளைகள் (ஃபீடர்கள்), அவற்றில் இரண்டின் மீட்டர்கள் செயலிழந்து பல மாதங்கள் ஆகின்றன. போதாக்குறைக்கு, சென்ற ஆண்டு 2,400 டியூப் லைட்டுகளை எல்.இ.டி.க்கு மாற்றியும் ரசீதில் ஒன்றும் குறையவில்லை என்பதால், "நீங்கள் சொல்லும் சேமிப்பெல்லாம் எங்கே போகிறது?" என்று ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். பெரிய செலவில்லாமல் எதை முதலில் அளப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – குளிர்கோபுரம்

நண்பர் அவர்களுக்கு வணக்கம். சில்லரைத் தொடுவதற்கு முன் உங்கள் 127.5 என்ற எண்ணைத் தொட வேண்டியிருக்கிறது. அது தவறு.

முதலாவது, வகுக்கும் பரப்பு. ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு (ஈ.சி.பி.சி.) தரும் வரையறையின்படி, குளிரூட்டப்படாத அடித்தளங்களை நீக்கிய கட்டுமானப் பரப்பால்தான் வகுக்க வேண்டும். வாகன நிறுத்தத்தைச் சேர்த்து வகுத்தால் எந்தக் கட்டடமும் நல்ல பிள்ளையாகிவிடும். இரண்டாவது, மேலே இருக்கும் எண். ரசீதில் உள்ள யூனிட்டுகள் மட்டும் போதாது. டீசல் ஜெனரேட்டரில் நீங்களே உற்பத்தி செய்து எரித்த யூனிட்டுகளும் அதில் சேர வேண்டும். ஜெனரேட்டர் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஒப்பிடும் அட்டவணை. நீங்கள் பார்த்தது பகல்நேர அலுவலகங்களுக்கானது. இரவும் இயங்கும் பி.பி.ஓ. கட்டடங்களுக்கு, ஓடும் மணிநேரத்தையும் கணக்கில் எடுக்கும் வேறோர் அளவீட்டை பி.இ.இ. தனியாக வைத்திருக்கிறது. உங்களிடம் ஒரே ஒரு தளம்தான் நள்ளிரவு வரை இயங்குகிறது என்பதால் பகல்நேர அட்டவணையையே பயன்படுத்தலாம். ஆனால் அந்தத் தளத்தின் கூடுதல் நேரத்தைப் பற்றி ஒரு வரி குறிப்பு எழுதிவையுங்கள்.

இந்த எண் எவ்வளவு சரியாக வந்தாலும், கட்டடம் எவ்வளவு சாப்பிடுகிறது என்று மட்டுமே சொல்லும். எந்த வாய் வழியாகச் சாப்பிடுகிறது என்று சொல்லாது. அதற்கு எனக்குத் தெரிந்த மலிவான சோதனை ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு, ஒருவரும் இல்லாத கட்டடத்தில், உயரழுத்த மீட்டரின் முன் நின்று எத்தனை கிலோவாட் ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை 8,760ஆல் பெருக்கி ஆண்டு மொத்தத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும். பிறகு ஒவ்வொரு ஃபீடராக, மீட்டர் இல்லாத இடத்தில் மின்பணியாளரை வைத்து, கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரால், அந்த கிலோவாட் எங்கே போகிறது என்று தேடுங்கள்.

முப்பது சதவீத வாக்குறுதியைப் பற்றி ஒரு சொல். சில்லரின் முகப்புப் பலகையிலேயே அது இதுவரை எடுத்த யூனிட்டுகளின் கணக்கு பெரும்பாலும் இருக்கும். அதிலிருந்து ஓராண்டுக்கு உரியதை எடுத்து ஆண்டு மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். சில்லர்கள் மொத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு எடுக்கும் கட்டடத்தில், ரசீது 30 சதவீதம் குறைய வேண்டுமானால், புதிய சில்லர்கள் ஏறத்தாழ மின்சாரமே இல்லாமல் ஓட வேண்டும்.

பதில் – சிங்கைவாசி

வணக்கம். சிங்கப்பூரில் குளிர்நீர் நிலையங்களைத் தணிக்கை செய்யும் பணியில் இருக்கிறேன். இங்கே 2012இல் திருத்தப்பட்ட சட்டத்தின் கீழ், பெரிய கட்டடங்களின் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் ஆற்றல் விவரங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். விதிகளுக்குள் வரும் கட்டடங்கள் குளிரூட்டும் அமைப்பைக் குறித்த கால இடைவெளியில் தணிக்கைக்கு உட்படுத்தவும் வேண்டும். அதனால் ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் என்ற ஒற்றை எண் எங்கள் அன்றாடப் பேச்சில் நுழைந்துவிட்டது. அந்த எண்ணில் சில்லர் மட்டுமல்ல, குளிர்நீர் பம்பு, கண்டென்சர் (சில்லர் வெப்பத்தை வெளியே தள்ளும் பகுதி) பம்பு, அந்த வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கூலிங் டவரின் விசிறி ஆகிய நான்கும் சேர வேண்டும். சில்லரை விற்பவர் சில்லரின் எண்ணை மட்டும் காட்டுவார்.

இதை அளக்க மூன்று விஷயங்கள் வேண்டும்: குளிர்நீரின் ஓட்டம், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, நான்கு இயந்திரங்களின் கிலோவாட். ஓட்டத்தை அளக்கக் குழாயை வெட்ட வேண்டியதில்லை. குழாயின் மேல் கட்டும் அல்ட்ராசோனிக் மீட்டரை வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் வளைவுக்கும் வால்வுக்கும் அருகில் கட்டாமல், முன்னால் குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கும் பின்னால் ஐந்து மடங்கும் நேராக இருக்கும் இடத்தைத் தேடிக் கட்டுங்கள். வினாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை 4.187ஆலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் பெருக்கினால் குளிர்ச்சி கிலோவாட்டில் வரும், 3.517ஆல் வகுத்தால் டன்.

கவனம் வேண்டிய இடம் வெப்பநிலைதான். வேறுபாடு 5.5 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் பல பழைய கட்டடங்களில் 3 டிகிரிதான் இருக்கும். அப்போது சென்சார் அரை டிகிரி பிசகினால் உங்கள் விடையில் ஆறில் ஒரு பங்கு பொய்யாகிவிடும். எனவே இங்கே நாங்கள் எந்த அளவீட்டையும் வெப்பச் சமநிலை பார்க்காமல் ஏற்பதில்லை. சில்லர் கட்டடத்திலிருந்து எடுக்கும் வெப்பமும் அதன் மோட்டார் எடுக்கும் மின்சாரமும் சேர்ந்து, கண்டென்சர் வழியாக வெளியே போகும் வெப்பத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது இயற்கை. அதை ஒருவரும் மாற்ற முடியாது. பதிவான அளவுகளில் குறைந்தது 80 சதவீதம், இந்தச் சமன்பாட்டிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும் அந்தச் சோதனையைச் செய்ய யாரும் தடுக்கப்போவதில்லை.

ஒரு வாரமாவது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். ஒரு நாள் உச்சி வெயிலில் எடுத்த ஓர் அளவை வைத்துக்கொண்டு பேசுவது, ஒரே ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ஆயுள் முழுவதற்கும் மாத்திரை எழுதுவதைப் போன்றது.

பதில் – கணக்குப்பிள்ளை

எல்.இ.டி. சேமிப்பு எங்கே போனது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். குளிரூட்டல் என் துறையன்று.

அந்த 2,400 விளக்குகளும் 28 வாட் டி5 வகை என்று வைத்துக்கொண்டால், சோக்கோடு சேர்த்து 31 வாட் எடுத்திருக்கும். இப்போது 16 வாட். விளக்குக்கு 15 வாட், மொத்தம் 36 கிலோவாட், ஆண்டுக்கு 3,600 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 1.3 லட்சம் யூனிட். உங்கள் ஆண்டு மொத்தத்தில் இது 4 சதவீதம். வெயில் கொஞ்சம் கூடினாலும், வாரத்தில் மூன்று நாள் வந்த பணியாளர்கள் ஐந்து நாள் வரத் தொடங்கினாலும் இந்த நான்கு சதவீதம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். சேமிப்பை அளந்து சரிபார்ப்பதற்கான பன்னாட்டு நெறிமுறை (ஐ.பி.எம்.வி.பி.) இதற்காகவே ஏ, பி, சி, டி என்று நான்கு வழிகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. மொத்த மீட்டரைப் பார்த்துச் சொல்லும் சி வழி, சேமிப்பு மொத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இடங்களுக்கே பொருந்தும். விளக்குகளுக்கு ஏ வழிதான் சரி: ஒரு தளத்தின் விளக்குச் சுற்றில் முன்னும் பின்னும் கிலோவாட்டை அளந்து, எரியும் நேரத்தால் பெருக்கிவிடுவது. நீங்கள் முன்னால் அளக்காமல் விட்டுவிட்டீர்கள். கழற்றிய பழைய விளக்குகள் சில கிடங்கில் கிடந்தால் பத்தை எடுத்து எரியவைத்து அளந்துவிடுங்கள். தணிக்கையாளர்கள் அதை ஏற்பார்கள்.

சில்லர் நிறுவனத்தோடு சேமிப்பைப் பங்கிடும் ஒப்பந்தம் போடும் எண்ணம் இருந்தால், அடிப்படை ஆண்டு எது என்பதில்தான் சண்டை வரும். எங்கள் கட்டடம் ஒன்றில் ஆட்கள் பாதியாக இருந்த ஆண்டை அடிப்படையாக எடுத்துக் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு இரண்டு ஆண்டுகள் இரு தரப்பும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். மாத யூனிட்டை வெப்பநிலையோடு மட்டும் பொருத்தாதீர்கள். சென்னையில் அக்டோபர், நவம்பரில் வெப்பமானி இறங்கியிருக்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே சில்லர் உழைத்துக்கொண்டிருக்கும்; எனவே காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையையும், வாயிற்கதவுப் பதிவிலிருந்து ஆட்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

இன்னொன்று. யூனிட் குறைந்தால் கட்டணம் அதே விகிதத்தில் குறையும் என்று நிர்வாகத்துக்குச் சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புக்குப் பதிவான உச்சத் தேவை, ஒப்பந்தத் தேவையில் (மின்வாரியத்திடம் ஒப்பந்தம் செய்துள்ள உச்ச அளவில்) 90 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே தேவைக் கட்டணம் வாங்குகிறார்கள். ரசீதில் அந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.

மீண்டும் – மின்அறைக்காரன்

மூவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

அடித்தளங்கள் 7,000 சதுர மீட்டர், மீதி 17,000. ஜெனரேட்டர் பதிவேட்டில் 1.1 லட்சம் யூனிட் இருந்தது. ஆக 31.7 லட்சத்தை 17,000ஆல் வகுக்க 186 வந்தது. மூன்று நட்சத்திரம் என்று சொல்லி வந்தவன், ஒன்று என்று போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைய கூட்டம் இனிமையாக இருக்கவில்லை.

ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு மீட்டரில் 140 கிலோவாட் ஓடிக்கொண்டிருந்தது. 8,760ஆல் பெருக்கினால் 12 லட்சம் யூனிட்டுக்கு மேல், அதாவது ஆண்டு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. நானும் இரவுப்பணி எலக்ட்ரீசியனும் ஒவ்வொரு ஃபீடராகத் தேடினோம். யூ.பி.எஸ்., சர்வர்கள் இரண்டும் சேர்ந்து 30 கிலோவாட். ஒரு வாகனம்கூட இல்லாத வாகன நிறுத்தத்தில் புகை வெளியேற்றும் விசிறிகள் 14 கிலோவாட். மாடிப்படி விளக்குகள், டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு என்று இன்னும் 20 கிலோவாட்டுக்குக் கணக்குச் சொல்லிவிடலாம். மீதி 76 கிலோவாட், நான்கு தளங்களில் அலமாரி அளவே உள்ள நெட்வொர்க் அறைகளைக் குளிர்விக்க ஓடிக்கொண்டிருந்த 250 டன் சில்லரும் அதன் பரிவாரமும்தான்: சில்லர் சராசரியாக 38, குளிர்நீர் பம்பு 18, கண்டென்சர் பம்பு 15, விசிறி 5. சில்லர் சில நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பம்புகள் நிற்பதே இல்லை. வாரத்தில் 66 மணி நேரம் கட்டடத்தில் ஆளில்லை. அந்த நேரத்துக்கு அறைகளில் சிறிய ஸ்ப்ளிட் ஏசிகளை வைத்துவிட்டால், அவை எடுக்கும் 12 கிலோவாட்டைக் கழித்தும் ஆண்டுக்கு 2.2 லட்சம் யூனிட் மிச்சம்.

பிறகு அல்ட்ராசோனிக் மீட்டரை வாடகைக்கு எடுத்துப் பகலில் ஒரு சில்லரை அளந்தோம். ஓட்டம் வினாடிக்கு 40 லிட்டர். பலகையின்படி போகும் நீர் 8.0, திரும்பும் நீர் 10.6. அதாவது 124 டன், சில்லர் எடுத்தது 138 கிலோவாட். டன்னுக்கு 1.11. பழைய சில்லர் இவ்வளவு மோசமா என்று நானே பயந்தேன். சிங்கை நண்பர் சொன்ன சமநிலையைப் போட்டால் 14 சதவீதம் உதைத்தது. போகும் நீரின் சென்சாரை உருவிப் பார்த்தால், அது செருகப்பட்டிருந்த குழி காய்ந்து கிடந்தது. எண்ணெயும் இல்லை, பசையும் இல்லை. சென்சார் நீரை மட்டும் அளக்காமல் எந்திர அறையின் வெக்கையையும் சேர்த்து அளந்துகொண்டிருந்திருக்கிறது. வெப்பப் பசையை நிரப்பிச் செருகியதும் 8.0 மெல்ல இறங்கி 7.4இல் நின்றது. இப்போது 152 டன், டன்னுக்கு 0.91, சமநிலை ஒரு சதவீதத்துக்குள். பம்புகளையும் விசிறியையும் சேர்த்தால் 1.16. விற்க வந்த நிறுவனம் தன் கணக்கில் பயன்படுத்தியிருந்தது அந்த 8.0ஐத்தான். அவர்கள் வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்ல மாட்டேன். பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டார்கள்.

வேறுபாடு ஏன் 3.2 டிகிரிக்கு மேல் ஏறவில்லை என்று தளம் தளமாகப் போனோம். ஐந்தாம் தளத்தில் அறையின் வெப்பநிலை சென்சாருக்கு நேர் கீழே யாரோ காபி இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அறை 22 டிகிரியில் நடுங்கிக்கொண்டிருக்க, சென்சார் 27.5 என்று சொல்லி, குளிர்நீர் வால்வை நாள் முழுவதும் அகலத் திறந்து வைத்திருந்தது. எட்டாம் தளத்தில் வெளிக்காற்றுத் தடுப்புப் பலகை, கட்டுக்கம்பியால் முழுவதும் திறந்த நிலையில் கட்டப்பட்டிருந்தது. எப்போது, யார் கட்டினார்கள் என்று எவருக்கும் நினைவில்லை. குளிர்காற்றைத் தளங்களுக்கு அனுப்பும் ஆறு காற்றுக் கையாளிகளின் வி.எஃப்.டி.கள் (விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள்), என்றோ வந்த ஒரு புகாருக்காகக் கைமுறைக்கு மாற்றப்பட்டு, 50 ஹெர்ட்ஸில் மறக்கப்பட்டிருந்தன.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதையும் பார்த்தேன். ஒப்பந்தத் தேவை 1,200 கே.வி.ஏ.; பதிவான உச்சம் 850. 90 சதவீதம் என்றால் 1,080; தொட்டுக்கூடப் பார்க்காத 230 கே.வி.ஏ.க்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நிர்வாகம் கேட்பது: அப்படியானால் சில்லரை மாற்றவே வேண்டாமா? 14 ஆண்டுகளைத் தாண்டிய இயந்திரம் அல்லவா?

பதில் – குளிர்கோபுரம்

மாற்றலாம், ஆனால் இப்போது அன்று. நீங்கள் கண்டுபிடித்தவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு கட்டடத்துக்குத் தேவைப்படும் குளிர்ச்சியே வேறு எண்ணாக இருக்கும். இன்றைய சுமையைப் பார்த்து வாங்கினால் மறுபடியும் 250 டன்னாக மூன்று வாங்குவீர்கள். அவை பாதிச் சுமையில் ஓடும். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2009இல் அறிவித்த புதுப்பித்தலில் முதலில் 6,500க்கும் மேற்பட்ட சன்னல்களைக் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே ஒரு தளத்தில் பட்டறை போட்டுச் செப்பனிட்டு, ரேடியேட்டர்களின் பின்னால் வெப்பத் தடுப்பு வைத்து, சுமையைக் குறைத்தார்கள். அதன் பலனாகச் சில்லர்களைப் பெரிதாக்காமல், பழைய உடற்கூட்டை வைத்துக்கொண்டே உள்ளுறுப்புகளை மாற்றி முடித்தார்கள். வரிசை மாறியிருந்தால் செலவும் மாறியிருக்கும்.

வி.எஃப்.டி.களைத் தானியங்கி முறைக்குத் திருப்பும்போது ஓர் எச்சரிக்கை. வேகத்தை 50இலிருந்து 40 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் மின்திறன் ஏறக்குறைய பாதியாகும் என்ற கனச் சட்டம் ஏட்டில் சரி. காற்றுக் குழாயின் கோடியில் குறிப்பிட்ட அழுத்தத்தை எப்போதும் தாங்கிப் பிடிக்கும்படி அமைத்த விசிறிகளில் அவ்வளவு கிடைக்காது. எனவே அந்தச் சேமிப்பை நிர்வாகத்துக்கு முன்கூட்டி எழுதிக் கொடுக்காமல், ஒரு காற்றுக் கையாளியில் ஒரு வாரம் ஓட்டி அளந்துவிட்டு எழுதுங்கள்.

ஒப்பந்தத் தேவையைக் குறைக்க இப்போதே விண்ணப்பிக்க வேண்டாம். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத உச்சத்தையும் பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஒரு சிறு இடைவெளி வைத்துக் கேளுங்கள். அவசரப்பட்டுக் குறைத்துவிட்டுக் கோடையில் மீறினால், கூடுதலுக்குத் தனிக் கட்டணம் விழும்.

அடுத்த ஓராண்டுக்கு இப்போது வைத்திருக்கும் சென்சார்களோடு ஐந்து நிமிடப் பதிவைத் தொடருங்கள். எத்தனை மணி நேரம் 100 டன்னுக்குக் கீழே, எத்தனை மணி நேரம் 300க்கு மேலே என்று பிரித்து ஒரு தாளில் போட்டுவிட்டால், வாங்க வேண்டியது ஒரு 120 டன் சில்லரா அல்லது வேறு எதுவுமா என்பதை அந்தத் தாளே சொல்லும். விற்பனை நிறுவனத்தையும் அதே தாளுக்குத்தான் விலை கொடுக்கச் சொல்ல வேண்டும். காபி இயந்திரத்தை நகர்த்திவிட்டீர்களா?

மீண்டும் – மின்அறைக்காரன்

நகர்த்தினோம், ஐயா. மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறது என்றார்கள். எனவே சென்சாரை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டேன்.